உட்காராதீர்கள்

கேள்வி: ஒரு வருடமாக வாட்டர்கலர் பழகுகிறேன். காலையில் டிபன், டப்பா, பள்ளி வேன். அதன்பின் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. ராத்திரி ஒரு மணி நேரம் நிம்மதியாகப் படம் போட உட்காரலாம் என்றால் நடப்பதே இல்லை. தினமும் பழக என்ன வழி?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: 'உட்காரலாம்' என்கிறீர்களே, அங்கேதான் கோளாறு. நம் வீடுகளில் உட்கார்ந்திருப்பவர் என்றால் சும்மா இருப்பவர் என்று பொருள். அவரிடம் பூண்டு உரிக்கக் கொடுக்கலாம், கணக்கு நோட்டை நீட்டலாம், காலிங் பெல் அடித்தால் எழுப்பலாம். நிற்கிறவரை யாரும் சீண்டுவதில்லை. ஏதோ வேலையாக இருக்கிறார் என்று நகர்ந்துவிடுவார்கள். கையில் இருப்பது கரண்டியா பிரஷ்ஷா என்று ஹாலிலிருந்து பார்த்தால் தெரியாது. வாசலில் கோலம் போடுகிறவர் உட்கார்ந்தா போடுகிறார்? குனிந்த வாக்கில், பால்காரருக்கு வழிவிட்டு, பதினைந்து புள்ளிச் சிக்குக் கோலத்தை முடித்து, பால் பொங்குவதற்குள் உள்ளே போய்விடுகிறார். மார்கழி முழுக்க ஒரு நாள் விடுவதில்லை. 'உங்களுக்கு நேரம் எப்படிக் கிடைக்கிறது?' என்று அவரை யாரும் பேட்டி எடுத்ததும் இல்லை.

ஆகவே டைனிங் டேபிளை மறந்துவிடுங்கள். (அதில் சாப்பிடுகிற குடும்பம் எங்கேயாவது இருந்தால் எழுதித் தெரிவிக்கவும். மாத்திரை டப்பா, கரண்ட் பில், இஸ்திரிக்குப் போகவேண்டிய துணி, பாதி தின்ற மிக்சர் பாக்கெட் ஆகியவற்றுக்காகத்தான் அது வாங்கப்படுகிறது.) சமையல் மேடையின் ஓரத்தில் ஒன்றரை அடி இடம் போதும்.

நேரத்தைத் தின்பது கடை பரப்புவதும் கட்டுவதும்தான். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு முடித்துவிடுங்கள். ஆறு ஹாஃப் பேன்களில் (கலர் பெட்டிக்குள் உட்காரும் குட்டிக் கிண்ணங்கள்) டியூப் கலரை இரண்டு தவணையாகப் பிதுக்கிக் காயவிடுங்கள். ஒரே மூச்சில் நிரப்பினால் நடுவே சுருங்கி வெடிக்கும். 5 மில்லி டியூப் இரண்டு பேனுக்கு வரும். ஈரத்தோடு பெட்டியை மூடினால் சென்னைப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும். தேன் சேர்த்த கலர்கள் இங்கே முழுதாக இறுகாது, பெட்டியைச் சாய்த்தால் வழியும், வேண்டாம். 22க்கு 30 அங்குல காட்டன் தாள், 300 ஜிஎஸ்எம் (தாளின் கனம்), ஒன்று வாங்கிப் பதினாறாக வெட்டுங்கள். ஐந்தரைக்கு ஏழரை அங்குலத்தில் இரண்டு வாரத்துக்கான தாள் தயார். பிரஷ், எட்டாம் நம்பர் ரவுண்டு (உருண்டு முனை கூர்ந்தது) ஒன்றே ஒன்று. அதைத் தண்ணீரில் நிறுத்தி வைத்துவிட்டுக் குக்கரைப் பார்க்கப் போகாதீர்கள், முனை வளைந்துவிடும். தண்ணீருக்குக் காபி டம்ளரும் கூடாது. காபியில் பிரஷ்ஷை முக்குவது சிரிப்பு. சில கலர்களில் இருக்கும் காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த தண்ணீரை யாராவது குடித்தால் சிரிப்பு இல்லை.

வாட்டர்கலருக்கு நீங்கள் முழுசாகத் தேவைப்படுவது வாஷ் போடும், அதாவது கரைத்த கலரைத் தாளில் ஒரே பரப்பாகப் பூசும், இரண்டு மூன்று நிமிடம். அடுப்பில் தாளிப்பு இல்லாத நேரமாகப் பாருங்கள். வேண்டும் என்று தோன்றுகிற அளவுக்கு இரண்டு மடங்கு கலரைக் கரைத்துக்கொள்ளுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலக்கப் போனால், திரும்புவதற்குள் ஓரம் காய்ந்து கோடு விழுந்திருக்கும். ஃபேனை நிறுத்துங்கள். வாஷ் முடிந்ததும் போய்விடுங்கள். கால் மணி நேரத்துக்கு அதற்கு உங்கள் தயவு வேண்டாம். ஆபத்து, திரும்பி வரும்போதுதான். மினுமினுப்பு போய்விட்டதே என்று பிரஷ்ஷை வைத்தீர்களானால், புதிய தண்ணீர் பாதி காய்ந்த கலரைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் பூப்பூவாக ஒதுக்கிவிடும். காலிஃபிளவர் என்பார்கள். (சமையலறையில் வரைந்து வந்த பெயர் அல்ல.) புறங்கையால் தாளைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்றிருந்தால் இன்னும் ஈரம், சாம்பாரைக் கவனியுங்கள்.

எதை வரைவது? கண்ணெதிரே இருக்கும் எண்ணெய்த் தூக்கை. நாளைக்கும் அதையே. இத்தாலியில் பொலோனா நகரத்து ஓவியர் மொராண்டி, மூன்று சகோதரிகளோடு இருந்த வீட்டில், படுக்கையறையையே ஸ்டுடியோவாக வைத்துக்கொண்டு, 1964இல் சாகும்வரை அதே புட்டிகளையும் ஜாடிகளையும் மாற்றி மாற்றி நிறுத்தி வரைந்தார். ஐடியா தேடிப் போனைத் திறந்தால் உங்கள் ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும்.

நாலு நாள் விட்டுப்போனால் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். பாரிசில் இம்ப்ரெஷனிஸ்டுகள் என்ற ஓவியர் குழுவினர் 1874 முதல் 1886 வரை நடத்திய எட்டுக் கண்காட்சிகளில் ஏழில் பெர்த் மொரிசோ என்ற பெண் ஓவியர் இருந்தார். விட்டுப்போனது 1879. மகள் ஜூலி பிறந்தது அதற்கு முந்தைய நவம்பரில். அடுத்த ஆண்டே திரும்பிவிட்டார். அந்த மகளையே மாடலாக்கிப் பல படங்கள் தீட்டினார்.

ஆறு பேன் என்றேனே, அதில் கறுப்பு கிடையாது. அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கெட்டியாகக் கலந்தால் கறுப்புக்குப் பக்கத்தில் வரும். நீலம் கூடினால் மழைமேகம், பழுப்பு கூடினால் அடிபிடித்த வாணலி. டியூப் கறுப்பில் வாணலி வரைந்தால் தாளில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். இதைச் சொன்னால் ஓவிய ஆசிரியர்கள் சிலர் மறுப்பு எழுதுவார்கள். நின்றுகொண்டே எழுதட்டும்.