கடல் பாக்டீரியா சாறு நைட்ரைட்டை 80% குறைத்தது. சேர்மத்தைப் பிரிக்க ஆரம்பிக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். எல்பிஎஸ் (பாக்டீரியா உறையில் இருக்கும், அழற்சியைத் தூண்டும் பொருள்) கொடுத்த ரா 264.7 செல்கள் (எலியின் மேக்ரோஃபேஜ் செல்கள்), எத்தில் அசிடேட் சாறு, கிரீஸ் சோதனை (நைட்ரைட்டை நிறத்தால் அளப்பது) என்று எழுதியிருக்கிறீர்கள். செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் எம்டிடி சோதனை பற்றி ஒரு வரிகூட இல்லை. செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். செத்த செல் நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்காது; அதிலிருந்து வரும் நைட்ரைட்டும் குறையும்.

தனித் தட்டு வேண்டாம், ஒரே தட்டில் கிரீஸ், எம்டிடி இரண்டையும் முடிக்கலாம். 96 குழித் தட்டில் குழிக்கு 1 லட்சம் செல் போட்டு ராத்திரி முழுக்க ஒட்ட விடுங்கள். சாறு கொடுத்து 1 மணி நேரம் கழித்து எல்பிஎஸ், மில்லிக்கு 1 மைக்ரோகிராம். 24 மணி நேரத்தில் மேலே நிற்கும் மீடியத்தில் 100 மைக்ரோலிட்டரை கிரீஸுக்கு எடுத்துவிட்டு, அதே குழியில் எம்டிடி. சாறைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ 0.1% தாண்டக் கூடாது. சாறு போடாத குழிக்கும் அதே அளவு போக வேண்டும். உயிரோடிருக்கும் செல் 90%க்குக் கீழே போன செறிவைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். '80% போதுமே, எல்லாரும் அப்படித்தானே போடுகிறார்கள்' என்று யாராவது வருவார்கள். போடட்டும். ஐந்தில் ஒரு பங்கு செல் போன குழியில் நைட்ரைட் 30% குறைந்ததெல்லாம் எனக்குக் கண்டுபிடிப்பு இல்லை.

அடுத்து, சாறே கிரீஸ் வினையைக் கெடுக்கிறதா? செல் இல்லாத மீடியத்தில் 20 மைக்ரோமோலார் சோடியம் நைட்ரைட்டோடு சாறைக் கலந்து படியுங்கள். அங்கேயும் ரீடிங் இறங்கினால், உங்கள் 80%இல் ஒரு பங்கு வெறும் வேதியியல். சாறு சிவப்பாக இருந்தால் இதற்கு நேர் எதிர்ச் சிக்கல்: புரோடிஜியோசின் மாதிரி நிறமி 540 நானோமீட்டர் பக்கம் தானே ஒளியை உறிஞ்சி, உண்மையான இறக்கத்தை மறைத்துவிடும்.

பாக்டீரியா கிராம் நெகட்டிவ் என்றால் எண்டோடாக்சினையும், அதாவது அதன் சொந்த எல்பிஎஸ்ஸையும் பாருங்கள். சாறு பிரிக்கும்போது இரண்டு அடுக்குக்கும் நடுவே நுரைபோல நிற்பதைச் சேர்த்து எடுத்தால் அதுவும் கூடவே வரும். எல்பிஎஸ் சேர்க்காமல் சாறு மட்டும் போட்ட குழியில் நைட்ரைட் ஏறுகிறதா, எல்பிஎஸ்ஸைப் பிடித்து முடக்கும் பாலிமிக்சின் பி-யை மில்லிக்கு 10 மைக்ரோகிராம் சேர்த்தால் இறங்குகிறதா என்று பாருங்கள். எல்பிஎஸ் சேர்த்த குழியில் பாலிமிக்சினைப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் ஊற்றிய எல்பிஎஸ்ஸையே அது பிடித்துக்கொள்ளும், சாறு பிரமாதம் என்று தோன்றும்.

இதெல்லாம் தாண்டினாலும் அழற்சிக்கு மருந்து கையில் வந்துவிடாது. சாலினிஸ்போரா டிராபிகா என்ற கடல் பாக்டீரியா தரும் சாலினோஸ்போரமைடு ஏ, அழற்சியைக் கிளப்பும் என்எஃப்-கப்பா பி பாதையை நன்றாகவே அடக்கும். காரணம், அது செல்லில் புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமையே நிறுத்துகிறது. அதனால்தான் அதைப் புற்றுநோய்ப் பக்கம் கொண்டுபோனார்கள்.

கேட்காத ஒன்று: பாக்டீரியா போடாத வெறும் மீடியத்தையும் அதே மாதிரி அடைகாத்து, அதே கரைப்பானில் சாறு எடுத்து வையுங்கள். பெப்டோனும் ஈஸ்ட் சாறும் உள்ள மீடியத்தை ஆட்டோகிளேவ் செய்தாலே டைகீட்டோபைபரசின்கள் (இரண்டு அமினோ அமிலம் சேர்ந்த வளையச் சேர்மங்கள்) வந்துவிடும். அவற்றைப் பாக்டீரியாவின் பெயரில் எழுதி வரும் கட்டுரைகளைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது.