தாம்பரத்தில் சாப்பிட ஒன்றுமில்லை என்பவருக்கு என் பதில்

கேள்வி: "மூன்று மாதமாகத் தாம்பரத்தில் குடியிருக்கிறோம். எங்கே பார்த்தாலும் பிரியாணிக் கடையும் ஊர் முழுக்கக் கிளை வைத்த ஓட்டல்களும்தான் கண்ணில் படுகின்றன. வாய்க்கு ருசியாகச் சாப்பிட வேண்டுமென்றால் மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும்தான் ரயில் ஏற வேண்டுமா?"

வேண்டாம். இந்த ஒரு சொல்லோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இதே கேள்வியை என் மனைவியின் அக்கா வீட்டார் ஒவ்வொரு விசேஷத்திலும் கேட்டு, "பாவம், நீங்கள் ஊருக்கு வெளியே இருக்கிறீர்கள்" என்று இரக்கப்படுவார்கள். அவர்களுக்கு இதுவரை சொல்லாததையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

நீங்கள் அநேகமாக வேலைக்காக வந்தவர்களாக இருப்பீர்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்பி, இரவு ஒன்பதுக்குமேல் களைத்துத் திரும்புவீர்கள். ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் எத்தனை நட்சத்திரம் என்று பார்த்துவிட்டு, வண்டி நிறுத்த இடமுள்ள கடையாகப் பார்த்துப் போவீர்கள். அந்த நேரத்தில், அந்த வழியில் போகும் எவருக்கும் நீங்கள் சொன்ன கடைகள்தான் கண்ணில் படும். தாம்பரத்தின் அடுப்புகள் வேறு நேரங்களில் எரிகின்றன.

இந்த ஊருக்கு யார் யார் எதற்காக வந்தார்கள் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். 1928-இல் டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோய்க்கு ஆரோக்கிய நிலையம் தொடங்கினார். சானடோரியம் என்ற ஸ்டேஷன் பெயரே அதனால்தான். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் கிறித்துவக் கல்லூரி நகரத்தை விட்டு இங்கே வந்தது. விமானப்படைத் தளத்தால் வடநாட்டுக் குடும்பங்கள் வந்தன. 1984-இல் வந்த ஏற்றுமதி மண்டலம் ஆயிரக்கணக்கான பெண்களை ஷிப்டு வேலைக்குக் கொண்டுவந்தது. இத்தனைக்கும் மேலாக, தெற்கேயிருந்து வருகிறவர்களுக்குச் சென்னையின் வாசற்படியே தாம்பரம்தான். திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர், நாகர்கோவில்காரர்கள் இறங்கிய இடத்திலேயே வீடு பிடித்துத் தங்கிவிட்டார்கள். அவரவர் நாக்குக்கு ஏற்ற கடை அவரவர் நடமாடும் நேரத்தில் திறக்கிறது.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது அப்பாவின் உடம்பு. குரோம்பேட்டையில் தோல் பதனிடும் வேலையில் இருந்தவர். நெஞ்சில் நீர் கோத்துச் சானடோரியம் மருத்துவமனையில் படுத்திருந்தபோது, நானும் தம்பியும் மாற்றி மாற்றி இரவில் துணைக்கு இருந்தோம். முட்டை, பால், பயறு என்று சத்தாகக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அப்பாவோ எதைக் கொடுத்தாலும் இரண்டு வாயில் தட்டைத் தள்ளிவிடுவார். சென்னையிலிருந்து தெற்கே போகும் பெருஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் ஒரு தள்ளுவண்டியில் இட்லி விற்ற அக்காவை அப்போதுதான் பார்த்தேன். பொட்டலம் கேட்டவுடன் அவர் கட்டித் தரவில்லை. "நோயாளிக்கா, உங்களுக்கா தம்பி?" என்றார். அப்பாவுக்கு என்றேன். வெந்து ஆறியிருந்த ஈட்டை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஊற்றினார். ஈரத்துணி விரித்த தட்டில் மாவை ஊற்றி, வெந்ததும் தட்டைக் கவிழ்த்து, துணியின் முதுகில் ஒரு கை தண்ணீர் தெளித்து, ஓரத்திலிருந்து மெல்ல உரித்தார். இட்லியின் மேல் துணியின் நெசவு அப்படியே பதிந்திருந்தது. சட்னிக்கு என்று அவரிடம் இரண்டு தூக்குவாளிகள். ஒன்று எல்லாருக்கும், மற்றொன்றில் மிளகாய் இல்லாமல் பொட்டுக்கடலையும் தேங்காயும் அரைத்தது. "காரம் வேண்டாம், இருமல் கிளம்பிவிடும்" என்று சொல்லி இரண்டாவதிலிருந்து ஊற்றினார். மிளகு தட்டிப் போட்ட ரசத்தையும் ஒரு பையில் கட்டிக் கொடுத்தார். அப்பா அன்று மூன்று இட்லியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

நோயாளிக்கு என்ன ஆகும், துணைக்கு வந்தவனுக்கு எப்போது பசிக்கும் என்று கணக்கு வைத்து நடக்கும் கடையை எந்த மயிலாப்பூரில் காட்டுவீர்கள்? மயிலாப்பூரை நான் குறைத்துப் பேசவில்லை. அங்கே கோயிலையும் கச்சேரியையும் ஒட்டி ஒரு சமையல் வளர்ந்தது. இங்கே ஆஸ்பத்திரியையும் ஸ்டேஷனையும் ஒட்டி வளர்ந்தது. பக்கத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. மாலையில் அந்தச் சாலையில் நடந்து பாருங்கள், முடக்கத்தான், தூதுவளை, வாழைத்தண்டு என்று சூப்பு வண்டிகள் நிற்கும்.

தள்ளுவண்டியில் சுத்தம் இருக்குமா என்று கேட்க ஒருவர் கட்டாயம் வருவார். நல்ல கேள்விதான். நான் பார்ப்பது மூன்று: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தட்டு எப்படிக் கழுவப்படுகிறது, வியாபாரம் எவ்வளவு வேகமாக நடக்கிறது. ஈடு இறங்க இறங்கத் தீர்ந்துபோகும் கடையில் பழையது தங்க வழியில்லை. குளிர்சாதன அறைக்குள் மேசைவிரிப்பு போட்டிருந்தால் மட்டும் சமையலறை சுத்தமாகிவிடாது.

தெற்கத்திக்காரர்களின் சாப்பாட்டுக்கு விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும். முன்பெல்லாம் நாகர்கோவில், நெல்லை பஸ்கள் நான்கு மணியிலிருந்தே தாம்பரத்துக்குத் தெற்கே அடுத்துள்ள பெருங்களத்தூரில் ஆட்களை இறக்கிவிடும். தேங்காய் மூட்டை, முருங்கைக்காய்க் கட்டு, தூங்கி வழியும் பிள்ளைகள் என்று சாலையோரமே ஊராக இருக்கும். அந்தக் கூட்டத்துக்காகவே கருப்பட்டிக் காபி கொதித்துக்கொண்டிருக்கும். ஆமைவடை அந்நேரத்துக்கே எண்ணெயிலிருந்து இறங்கும். 2023 டிசம்பர் 30 அன்று இன்னும் தெற்கே கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தது. அரசு பஸ்களும் அடுத்த மாதத்திலிருந்து ஆம்னி பஸ்களும் அங்கே போய்விட்டன. பேருந்து நிலையம் தேவைதான், நெரிசலில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் விடியற்காலைக் கூட்டத்தை நம்பி அடுப்பு மூட்டியவர்களில் பலரை இப்போது காணவில்லை. மிச்சமிருப்பவர்கள் ஐந்தரைக்குமேல்தான் திறக்கிறார்கள். காலை நடைக்குப் போகிறவராக இருந்தால் அவர்களிடம் ஒரு காபி குடியுங்கள். சர்க்கரைக் காபியைப் போல உடனே இனிக்காது. தொண்டை தாண்டிய பிறகுதான் கருப்பட்டி தெரியும்.

இரவில் பரோட்டா. மேற்குத் தாம்பரத்தில் விருதுநகர் முறையில் எண்ணெயில் பொரித்தெடுக்கும் கடைகள் உண்டு. மேலே மொறுமொறுப்பாக இருக்கும் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, ஊறவிடாமல் உடனே சாப்பிட வேண்டும். வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போனால் பாதி ருசி பொட்டலத்திலேயே போய்விடும். டெலிவரி செயலியில் வரவழைத்துவிட்டு "தோல் மாதிரி இருந்தது" என்று ஒரு நட்சத்திரம் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சண்முகம் சாலை மார்க்கெட்டுக்குப் பையோடு போங்கள். தென்மாவட்டத்தார் நடத்தும் பலசரக்குக் கடைகளில் சாத்தூர்ச் சேவும், 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் கிடைக்கும். கிழக்கே சேலையூர், கேம்ப் ரோடு பக்கம் போனால் கல்லூரிப் பிள்ளைகளுக்கான மோமோ கடைகள். வடகிழக்கு மாநிலங்களிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் எந்தக் கடையில் நிற்கிறார்களோ அந்தக் கடையில் நில்லுங்கள்.

காலையில் சைக்கிளில் வரும் இடியாப்பக்காரர்களை விட்டுவிடக் கூடாது என்று எழுத வந்தேன், அதை எழுதும்போதே வயிறு எரிகிறது. எங்கள் குடியிருப்பில் இப்போது அவர் வாசலைத் தாண்டக் கூடாதாம். சங்கத்துக்காரர்கள் காவலாளியிடம் சொல்லிவிட்டார்கள். அதோடு நிற்கவில்லை: சாப்பாடு கொண்டுவரும் பையன்கள் லிப்டில் ஏறக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். நான்காம் மாடிக்குத் தண்ணீர் கேனும் காய்கறிக் கூடையும் படியில்தான் ஏற வேண்டும். கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "பாதுகாப்பு" என்றார்கள். நம் வீட்டுப் பிள்ளையும் வேறொரு ஊரில் இதே வேலையைச் செய்துகொண்டிருக்கலாம். அவனை ஒருவர் லிப்டிலிருந்து இறக்கிவிட்டால் இவர்கள் பொறுப்பார்களா? கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். புதிதாகக் குடிவந்த நீங்களாவது உங்கள் சங்கத்தில் இதற்குக் கை தூக்காதீர்கள்.

கடைப் பெயர் ஒன்றுகூட இல்லையே என்று கேட்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். பெயர் எழுதினால் விளம்பரம் என்பார்கள். எனக்கு எந்தக் கடையிலும் பங்கில்லை. தவிர, மூன்று பெஞ்சு போட்ட கடைக்கு முன் காமிராவோடு முப்பது பேர் நின்றால், தினமும் சாப்பிடுகிற ஷிப்டுக்காரப் பெண்களுக்கு இடமிருக்காது.

சனிக்கிழமை மாலை ஆறரைக்குச் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி ஜி.எஸ்.டி. சாலையோடு தாம்பரம்வரை நடங்கள். சூப்பில் தொடங்கி, நடுவில் இட்லி அளவாக, பரோட்டாவுக்கு வயிற்றில் இடம் வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்குமேல் போனால் சால்னா அடிவண்டல்தான் கிடைக்கும். நீங்கள் சைவமா அசைவமா என்று கேள்வியில் சொல்லவில்லை. சைவமென்றால் பரோட்டாவுக்குப் பதில் எங்கே திரும்ப வேண்டும் என்பதைக் கீழே கேளுங்கள், எழுதுகிறேன்.