டோங்காரிரோவில் ஒரு நாள்: கடிதமும் பதிலும்

வணக்கம். டிசம்பர் விடுமுறைக்குக் குடும்பத்தோடு நியூசிலாந்து போகிறோம். டோங்காரிரோ ஆல்பைன் கிராசிங் என்ற எரிமலைப் பாதையை ஒரே நாளில் நடந்துவிட ஆசை. மகனுக்கு 14 வயது, மகளுக்கு 8, மாமனாருக்கு 67. மாமனார் தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர். வாடகைக் காரை ஓட்டத் தெரிந்தவர் கணவர் மட்டும்தான். எல்லோரும் சேர்ந்து போகலாமா? சினிமாவில் பார்த்த அந்தக் கூம்பு எரிமலைமேல் ஏறியே தீருவேன் என்கிறான் மகன்.
- ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஐந்து பேரும் சேர்ந்து போக வேண்டாம். கணவரும் மகனும் முழுப் பாதையை நடக்கட்டும். நீங்கள் மூவரும் வகாபாபா கிராமத்திலேயே தங்கி, அங்கிருந்து தாரனாகி அருவிக்குப் போய் வாருங்கள். (அங்குள்ளவர்கள் அந்த ஊரை ‘ஃபாகாபாபா’ என்பார்கள், வழி கேட்கும்போது உதவும்.) கிராமத்திலேயே தொடங்கி அங்கேயே முடியும் 6 கிலோமீட்டர் சுற்றுப்பாதை அது, இரண்டு மணிநேரம் ஆகும். அருவி 20 மீட்டர் உயரம். கார் தேவையில்லை.

கிராசிங் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். எல்லோரும் ஏற்றத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். கணக்கு வேறு. மங்காடெபோபோவில் 1120 மீட்டரில் தொடங்கி ரெட் கிரேட்டர் என்ற எரிமலை வாயில் 1886 மீட்டர் வரை ஏறி, கெடெடாஹியில் 760 மீட்டருக்கு இறங்குகிறீர்கள். ஏற்றம் 766 மீட்டர், இறக்கம் 1126. சமதளத்தில் தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பது மூச்சுக்கு நல்ல பயிற்சி. முழங்காலுக்கு அது போதாது. மகளின் சிக்கல் நேரம். பெரியவர்களுக்கே 7 முதல் 8 மணிநேரம் ஆகும் பாதையில் குழந்தையின் வேகம்தான் எல்லோருடைய வேகமும்.

இறக்கத்தில் மோசமான இடம் ரெட் கிரேட்டரைத் தாண்டியதும் எமரால்டு ஏரிகளை நோக்கிச் சரியும் பகுதி. முழுக்க உதிரி எரிமலைக் கற்கள். பயத்தில் பின்னால் சாய்ந்து பாதத்தைத் தட்டையாக வைப்பவர்கள்தான் வழுக்கி உட்காருகிறார்கள். குதிகாலை முதலில் ஊன்றி, முழங்காலை லேசாக மடக்கி, சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். ஊன்றுகோலின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். முன்னே போகிறவரை ஒட்டி நடக்கக் கூடாது, கல் உருளும்.

இந்தச் சரிவில் இறங்கிவிட்டால் திரும்பி ஏறுவது கொடுமை. ஆகவே ‘போவதா, திரும்புவதா’ என்பதை ரெட் கிரேட்டருக்கு முன்பே வரும் சவுத் கிரேட்டர் சமவெளியிலேயே முடிவு செய்ய வேண்டும். காலை 7 மணிக்குக் கிளம்பினால் 10 மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால், அல்லது மேலே முகடு மேகத்தில் மறைந்திருந்தால், திரும்பிவிடட்டும். பதினான்கு வயதுக்காரனிடம் இதை முந்தின இரவே சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். மலையில் வைத்துப் பேசினால் சண்டைதான்.

இனி கார். மங்காடெபோபோவில் நடைப்பருவத்தில் 4 மணிநேரத்துக்கு மேல் காரை நிறுத்த முடியாது. கெடெடாஹி முனையில் ஷட்டில் (நடப்பவர்களை ஏற்றிச்செல்லும் பஸ்) நிறுவனங்களின் நிறுத்துமிடத்தில் காரை விட்டுவிட்டு, காலையில் ஷட்டிலில் மங்காடெபோபோவுக்குப் போய், அங்கிருந்து காரை நோக்கி நடப்பது நல்லது. மாலையில் கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டியதில்லை. ஒரு சிக்கல் உண்டு: பாதியில் திரும்பினால் கார் மலைக்கு அந்தப் பக்கம் நிற்கும். அப்போது எங்கே, எத்தனை மணிக்கு ஏற்றிக்கொள்வார்கள் என்பதைச் சீட்டு வாங்கும்போதே கேட்டு, தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் அங்கே கோடைதான். ஆனாலும் ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி பனியனும் வேண்டாம். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். முகட்டில் கீழே இருப்பதைவிட சுமார் ஐந்து டிகிரி குறைவு, அதோடு காற்று. உள்ளே மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர், நடுவே ஃபிளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், தொப்பி, கையுறை. சன்ஸ்கிரீனை இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். பாதையில் குடிநீர் கிடைக்காது, ஆளுக்கு இரண்டு லிட்டராவது சுமக்க வேண்டும். சோடா ஸ்பிரிங்ஸ் கழிப்பறையில், தேவை இருக்கிறதோ இல்லையோ, போய்விட்டு வரட்டும். அதற்குமேல் ஒதுங்க ஒரு புதர்கூடக் கிடையாது.

வானிலையை முந்தின நாள் மாலை நியூசிலாந்து வானிலை நிறுவனமான மெட்சர்வீஸின் டோங்காரிரோ மலை முன்னறிவிப்பில் பாருங்கள். ஊர் வானிலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். எரிமலைகளைக் கண்காணிக்கும் ஜியோநெட் தளத்தில் எரிமலை எச்சரிக்கை நிலையையும் பார்த்துவிடுங்கள். 2012-ல் இதே மலையின் தே மாரி வாய் இருமுறை வெடித்தது. பயணத்தில் ஒரு மாற்றுநாள் ஒதுக்கி வையுங்கள். ஷட்டில்காரர் ‘இன்று வேண்டாம்’ என்றால் வாதாடக் கூடாது.

மகன் கேட்கும் அந்தக் கூம்பு நாவுருஹோயே, 2287 மீட்டர். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளுக்கு அது புனிதமானது. உச்சிக்கு ஏற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள், உச்சிக்கான வழிக்குறிகளையும் எடுத்துவிட்டார்கள். 1887-ல் இந்தச் சிகரங்களை நாட்டுக்குக் கொடுத்ததே துவாரெடோவா என்ற மாவோரி இனக்குழுவின் தலைவர்தான் என்று அவனிடம் சொல்லுங்கள். எமரால்டு ஏரித் தண்ணீரையும் அதே காரணத்தால் தொடக் கூடாது. சவுத் கிரேட்டரில் நின்றால் அந்தக் கூம்பு முழுதாகத் தெரியும். படம் அங்கேயே எடுத்துக்கொள்ளட்டும்.