வெப்சைட் வாங்குவோரும் வெப்சைட்டில் வாங்குவோரும்: கேள்வி-பதில்

சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். நாற்பதாயிரம் கொடுத்து வெப்சைட் போட்டேன். திறந்ததும் கொலுசு சுழலும் வீடியோ, பாட்டு. விசாரணைகூட வருவதில்லை. "ஆட்களை இழுக்கத்தான் வீடியோ" என்கிறார் செய்து கொடுத்தவர்.

இழுக்கவில்லை, விரட்டுகிறது. எனக்குப் பல வருடமாக ஆறாத கோபம் இது. உங்கள் தளத்துக்கு வருபவர் எத்தனை கிராம், எந்த டச் (வெள்ளியின் சுத்தம்), கூலி எவ்வளவு, சலங்கை வைத்ததா, யாரைக் கூப்பிடுவது என்று பார்க்க வருகிறார். அது முதல் திரையிலேயே இருக்க வேண்டும். அதை மறைத்துக்கொண்டு வீடியோ ஓடுகிறது, பிறகு படங்கள் தாமாக நகர்கின்றன, அதற்குள் "மெயில் ஐடி கொடுங்கள்" என்று ஒரு பெட்டி குதிக்கிறது. கடை வாசலிலேயே வழிமறித்தால் யார் உள்ளே வருவார்?

கூகுள் இதற்கு அளவுகோலே வைத்திருக்கிறது. பக்கத்தின் முக்கியப் படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தட்டினால் 200 மில்லி விநாடிக்குள் பதில் வர வேண்டும். படிக்கும்போது பக்கம் மேலும் கீழும் குதிக்கக் கூடாது. 'பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ்' என்று தேடி உங்கள் முகவரியைப் போடுங்கள், காசில்லாமல் கணக்குக் காட்டும். அந்தத் தாளோடு அவரிடம் போங்கள். வீடியோ தட்டினால் மட்டும் ஓடட்டும், பாட்டை எடுக்கட்டும், படங்களை வெப்பி (WebP) என்ற எடை குறைந்த வடிவில் சுருக்கட்டும். அவருடைய லேப்டாப்பில் பார்த்துவிட்டுத் தலையாட்டாதீர்கள். விலை குறைந்த போன் ஒன்றை ஏற்காடு மலைப்பாதையில் சிக்னல் ஒரு கோடு காட்டும் வளைவுக்கு எடுத்துப் போய்த் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் எங்கேயும் திறக்கும்.

வெளிர் சாம்பல் எழுத்துதான் இப்போது ஸ்டைல் என்கிறாரே எங்கள் டிசைனர்? (சூரமங்கலம்)

வெயிலில் நின்று போன் பார்ப்பவருக்குத் தெரியாது. பின்னணிக்கும் எழுத்துக்கும் குறைந்தது 4.5-க்கு 1 வேறுபாடு வேண்டும் என்பது உலகம் முழுதும் வைத்திருக்கும் அளவு. மாற்றச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர் நெய்யும் பட்டு வேட்டிகளை அம்மாபேட்டையிலிருந்து நானே வெப்சைட் மூலம் விற்கிறேன். டொமைன் (தளத்தின் முகவரி), ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் இடம்) எல்லாம் செய்து கொடுத்தவர் பேரில் இருக்கிறது. இந்த வருடம் புதுப்பிக்க மூன்று மடங்கு கேட்கிறார். தராவிட்டால் தளத்தை நிறுத்திவிடுவாராம்.

அம்மா, இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. உங்கள் காசில் உங்கள் கடைப் பெயரை அவர் பேரில் பதிந்து வைத்தது அவர் செய்த காரியம். முதல் வேலையாக, தளத்தில் உள்ள படங்களையும் எழுத்தையும் இன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டொமைன் பதிவு விவரம் காட்டும் 'ஹூஇஸ்' (WHOIS) தேடலில் அது முடியும் தேதி தெரியும், குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டொமைனை என் பெயருக்கு மாற்று, அதற்கான ரகசியக் குறியீட்டை (code) கொடு, இதுவரை வாங்கிய பணத்துக்கு பில் கொடு என்று வாட்ஸாப்பிலும் மெயிலிலும் எழுத்தில் கேளுங்கள். போனில் பேசியதைப் பிறகு நிரூபிப்பது கஷ்டம்.

மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார். அதற்கு மேல் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். "வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை" என்று அவர் மிரட்டக்கூடும், பயப்படாதீர்கள். பிழைப்புக்காகச் சுயதொழிலாகச் செய்பவரை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், வழக்கை உங்கள் ஊரிலேயே போடலாம். அதுவரை உங்கள் சொந்த ஜிமெயிலில் கூகுள் மேப்பில் கடையைப் பதிந்துவிடுங்கள், வாடிக்கையாளருக்கு உங்கள் நம்பராவது கிடைக்கும்.

ஏற்காட்டில் தங்க ஒரு தளத்தில் அறை பார்த்தேன். 2,200 ரூபாய் என்றது, பணம் கட்டும்போது 2,950. நான் தொடாமலே இன்சூரன்ஸுக்கு டிக் விழுந்திருந்தது. "ஒரே அறைதான் பாக்கி" என்று சிவப்பில் மிரட்டல் வேறு. மறுநாள் பார்த்தால் அதே ஒரே அறை! (ஆத்தூர்)

உங்களை ஏமாற்றவென்றே வரைந்த திரை அது. 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடுத்தது. விலையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது, கேட்காததைக் கூடையில் போடுவது, பொய் அவசரம் காட்டுவது, மூன்றும் அதில் உண்டு. முன்கூட்டியே டிக் போட்டு உங்கள் சம்மதமாகக் காட்டுவதை 2020-ஆம் ஆண்டு இ-காமர்ஸ் விதியே அனுமதிப்பதில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவர்களுடைய குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

பதில் சொல்லும் நானே ஆன்லைனில் ஒரு மெத்தை வாங்கினேன். 'வாங்கு' பொத்தான் கட்டைவிரல் அகலம். திருப்பி அனுப்பும் வழியோ பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், மூன்று திரை தாண்டி. அந்த மெத்தை இன்னும் என் வீட்டில்தான் கிடக்கிறது, முதுகுவலியும் கூடவே. அன்றிலிருந்து திருப்பி அனுப்பும் விதியைப் படித்த பிறகே விலையைப் பார்க்கிறேன்.

1,999 ரூபாய்க்கு வெப்சைட் என்று விளம்பரம் பார்த்துப் பணம் போட்டேன். இப்போது நம்பர் ஸ்விட்ச் ஆஃப். பேர் ஞாபகமில்லை. பில் வாங்கவில்லை.

பேர் கேட்காமல், ஊர் கேட்காமல், செய்த தளம் ஒன்றைக்கூடக் காட்டச் சொல்லாமல் முழுப் பணத்தையும் முன்னாலேயே போட்டிருக்கிறீர்கள். எத்தனை முறை எழுதுவது? சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள், யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு. எனக்குக் கடிதம் எழுதிய நேரத்தில் அதைச் செய்திருக்கலாம்.

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். தளம் தமிழிலும் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். குடும்பத்தோடு மலைக்கு வருபவர்களில் பலர் வீட்டில் முடிவு செய்வது அம்மாவும் பாட்டியும். படமாக இல்லாமல், எந்த போனும் படிக்கும் யூனிகோடு எழுத்தாகவே போடச் சொல்லுங்கள். படத்துக்குள் எழுதிய தமிழைக் கூகுள் தேடலும் சரியாகப் பிடிக்காது, பார்வையற்றவர் போனில் கேட்கவும் முடியாது. அறை வாடகை, சாப்பாடு உண்டா, கார் வீட்டுவாசல் வரை வருமா, மழைக்காலத்தில் பாதை எப்படி, இவற்றை முதலில் எழுதுங்கள். பனிமூட்டப் படங்கள் அதற்குக் கீழே வரட்டும்.