அலை பஞ்சு மாதிரி வருகிறதா?

பல வருடம் தூரிகையைத் தொடாமல் இருந்துவிட்டு, கடலோரம் குடிவந்த பிறகு மறுபடி அக்ரிலிக்கில் வரைகிறேன், அலை எல்லாம் பஞ்சு மாதிரி வருகிறது, முறையாகப் படிக்காததுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக இல்லை.

இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் ஆல்ஃபிரட் வாலிஸ் என்று ஒருவர் இருந்தார். கடலில் வேலை பார்த்தவர், 1922இல் மனைவி இறந்த பிறகு, எழுபது வயதை ஒட்டித்தான் வரையவே தொடங்கினார், அதுவும் கிழிந்த அட்டைத் துண்டுகளில், படகுக்கு அடிக்கும் பெயின்டை வைத்து. 1928இல் பென் நிக்கல்சன் என்ற ஆங்கிலேய ஓவியர் அவர் படங்களைப் பார்த்து அசந்துபோனார். வாலிஸ் நினைவிலிருந்துதான் வரைந்தார். நீங்களும் ஒரு நாள் புகைப்படத்தை மூடி வைத்துவிட்டு வரைந்து பாருங்கள்.

சரி, பஞ்சு விஷயம். நுரைக்கு நேரடியாக வெள்ளையைப் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் நுரை முழுவதையும் நீலம் கலந்த சாம்பலில் போட்டு, வெயில் நேராகப் படும் விளிம்பில் மட்டும் கடைசியாக வெள்ளை வையுங்கள். உடையப்போகும் அலையின் மேல்பகுதி மெல்லியது, வெளிச்சம் ஊடுருவி வரும், அதனால் அங்கே பச்சை வேண்டும், அடிப்பகுதி இருட்டாக இருக்கட்டும். அப்புறம் தொடுவானம் நெருங்க நெருங்க அலைக்கோடுகள் நெருக்கமாகவும் மெல்லியதாகவும் ஆக வேண்டும். தொடுவானக் கோடு சாயவே கூடாது, அதற்கு ஸ்கேல் வைத்தாலும் தப்பில்லை.

பெயின்ட் சீக்கிரம் காய்ந்தால், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் என்ற திரவத்தைக் கொஞ்சமாகக் கலக்கலாம், இல்லாவிட்டால் பெயின்ட் கலக்கும் தட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள்.