வாசகர் கேள்வி பதில்: ஊதுலையும் கோக்கும்

நம் ஊர்ப் பழைய மண் உலைகளில் இரும்பு கட்டியாகத்தான் கிடைத்தது. ஊதுலையில் மட்டும் உருகி ஓடுகிறதே, சூடு அதிகம் என்பதாலா?
– வாசகர், அம்பத்தூர், சென்னை

சூடு பாதிக் காரணம்தான், மீதி, கரிமம். தூய இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். துருத்தி ஊதும் மண் உலை ஏறத்தாழ 1,200 டிகிரியோடு நின்றுவிடும். தாதுவிலிருந்து ஆக்சிஜன் நீங்கினாலும் இரும்பு உருகாமல், கசடோடு பஞ்சுபோல் திரளும். சூடு ஆறுமுன் சம்மட்டியால் அடித்துக் கசடை வெளியேற்றினார்கள். ஊதுலையிலோ இரும்பு மணிக்கணக்கில் கோக்கை, அதாவது நிலக்கரியைக் காற்றில்லாமல் சூடாக்கிச் செய்த கட்டியை, ஒட்டியே இறங்குகிறது. 4 சதவீதம் அளவுக்குக் கரிமத்தை இழுத்துக்கொண்டதும் உருகுநிலை 1,150 டிகிரிப் பக்கம் வந்துவிடும்.

இன்றைய உலையில் ஒரு டன் இரும்புக்குச் சுமார் 1.6 டன் தாதுவும் 350 முதல் 500 கிலோ கோக்கும் ஆகும். அடியில் டுயர் எனும் செம்புக் குழல்கள் வழியாக 1,100 டிகிரிக்கு மேல் சூடேறிய காற்றை ஊதுவார்கள். கோக் எரியும் அந்த இடத்தில் வெப்பம் 2,000 டிகிரியைத் தாண்டும். அங்கே உண்டாகும் கார்பன் மோனாக்சைடு மேலேறும்போது தாதுவின் ஆக்சிஜனைப் பறிக்கிறது. சுண்ணாம்புக்கல் தாதுவின் மணல்சத்தைச் சேர்த்துக்கொண்டு கசடாகி, இரும்பின்மேல் மிதக்கும்.

கோக்கை எரிபொருளாக மட்டும் நினைத்துவிடக் கூடாது. உலையின் கீழ்ப்பகுதியில் மற்றதெல்லாம் உருகிவிட, திடமாக நிற்பது அது ஒன்றுதான். மேலுள்ள சுமை முழுவதையும் தாங்கிக்கொண்டு, காற்றுக்கும் அதுதான் வழிவிடுகிறது. கோக் நொறுங்கினால் வழி அடைபடும். சுமை இறங்காமல் தொங்கி, பிறகு திடீரென்று சரியும். மரக்கரி எளிதில் நொறுங்குவதால் அந்தக் கால உலைகளை அதிக உயரமாகக் கட்ட முடியவில்லை. 1709-இல் இங்கிலாந்தில் இரும்பு உருக்கிய ஆபிரகாம் டார்பி கோக்குக்கு மாறியது அதனால்தான் பெரிய திருப்பம்.

இன்னோர் ஆபத்து தண்ணீர். டுயரைக் குளிர்விக்க ஓடும் நீர் உள்ளே கசிந்தால் உலையின் அடி குளிர்ந்து இரும்பு உறையும். கசிந்த நீர் உலைச் சூட்டில் சிதைந்து ஹைட்ரஜனைத் தரும். மேலே வரும் வாயுவில் ஹைட்ரஜன் கூடுகிறதா என்று ஓயாமல் கவனிப்பது இதற்காகத்தான்.

சேலத்தில் தாது, நெய்வேலியில் நிலக்கரி இருக்கிறதே, போதாதா?
– வாசகர், தாம்பரம்

போதாது. நல்ல கோக் நிலக்கரி காற்றில்லாமல் சூடாகும்போது இளகி, ஒட்டி, உறுதியான கட்டியாகும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி இளகுவதே இல்லை, உதிர்ந்துவிடும். சேலத்துக் கஞ்சமலைத் தாதுவிலும் இரும்பு குறைவு, படிகக்கல் அதிகம். அரைத்து, காந்தத்தால் பிரித்து, உருண்டையாக்கினால்தான் ஊதுலைக்கு ஆகும். 1830-களில் ஆங்கிலேயரான ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் சேலம் தாதுவை உருக்கியதும் மரக்கரியில்தான். அதற்குக் காட்டை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.