பள்ளி முடிந்த மறுநாள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு 17 வயது. அஸ்தம்பட்டியில் பிளஸ் 2 படிக்கிறான். டவுன் பஸ் எண்கள் எல்லாம் மனப்பாடம். ஆனால் ஒருமுறைகூடத் தனியாகப் பேருந்தில் சென்றதில்லை. என் அண்ணன் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். படிப்பு முடிந்ததும் அங்கேயே சேர்த்துவிடலாம் என்கிறார்கள். சரியாக இருக்குமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்)

பதில்: சகோதரி, பட்டறை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கொலுசு முத்துகளை அளவு பார்த்துப் பிரிப்பதும், எண்ணிக் கட்டுவதும், எடை போட்டுக் குறித்துவைப்பதும் உங்கள் மகனைப் போன்ற ஒருவர் மிகுந்த ஒழுங்கோடு செய்யக்கூடிய வேலைகள்தாம். ஆனால் அதே பட்டறையில் மெருகு போடும் இயந்திரத்தின் இரைச்சலும் அமில நெடியும் உண்டு; நமக்குப் பத்து நிமிடத்தில் பழகிவிடும் அவை, அவருக்கு நாள் முழுவதும் பழகாமலே போகலாம்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். ஆட்டிசம் உள்ள இளைஞர் ஒருவர் அங்கே உடைந்த கொட்டையையும் கறுத்த கொட்டையையும் பொறுக்கித் தனியே எடுக்கும் வேலையில் சேர்ந்தார். முதல் இரண்டு வாரம் அவர் முறத்தில் ஒரு கறுப்புக் கொட்டைகூடத் தங்கவில்லை. பிறகு ஒருநாள் காதுகளைப் பொத்திக்கொண்டு எழுந்து போனவர், மறுநாளும் வரவில்லை. பையனுக்கு வேலையில் விருப்பமில்லை என்று மேஸ்திரி முடிவுகட்டிவிட்டார். உண்மையில் நடந்தது வேறு. அது ஐப்பசி மழைக்காலம். அவர் உட்கார்ந்திருந்த கொட்டகைக்குத் தகரக் கூரை. அவருடைய தாயார் அதைக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, ஓடு வேய்ந்த கிடங்கில் ஜன்னலோரம் இடம் கொடுத்தார்கள். அந்தப் பருவம் முடியும்வரை அவர் ஒருநாள்கூடத் தவறவில்லை.

எனவே முடிவெடுக்கும் முன் உங்கள் மகனிடம் கேளுங்கள். "மாமா பட்டறைக்குப் போகிறாயா?" என்று வாயால் மட்டும் கேட்டால், உங்களுக்குப் பிடித்த பதிலையே அவர் சொல்லிவிடக்கூடும். விடுமுறை நாளில் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள் என்று அழைத்துச் சென்று, எந்த மூலையில் உட்காருகிறார், எப்போது எழுந்திருக்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். அண்ணனிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்: சொந்தக்காரப் பையன் என்று சும்மா உட்கார வைக்கக் கூடாது, வேலைக்கு உரிய கூலியை அவர் கையிலேயே தரவேண்டும்.

ஆனால் வேலையைவிட எனக்குக் கவலை தருவது அந்தப் பேருந்துதான். பள்ளி வேனில் ஏறி இறங்கிய பிள்ளை, பள்ளி முடிந்த மறுநாள் வீட்டோடு நின்றுவிடுவதைப் பல குடும்பங்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன். இன்றே தொடங்குங்கள். ஒரே தடம், ஒரே நேரம். முதலில் பக்கத்தில் உட்காருங்கள்; பழகியபின் நான்கு இருக்கை தள்ளி அமருங்கள்; அதற்கும் பிறகு, இறங்கும் நிறுத்தத்தில் காத்திருங்கள். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அவரே வாங்கட்டும். பேருந்து வழிமாறிப் போனால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துப் பழக்குங்கள். எண்ணும் தடமும் மனப்பாடமாக உள்ளவருக்கு அந்த மாற்றம்தான் பெரிய அதிர்ச்சி. தொலைபேசி எண் எழுதிய அட்டை சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID) இல்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். அரசுப் படிவங்களில் ஆட்டிசத்தைக் குறிக்கும் "புற உலகச் சிந்தனையற்ற" என்ற தொடரைப் பார்த்து மனம் நோகாதீர்கள். எனக்கும் அச்சொல்லில் உடன்பாடில்லை, உங்கள் பிள்ளை ஊர்ப் பேருந்தையெல்லாம் மனத்தில் வைத்திருப்பவர். 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் 4 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. அதில் 1 விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் உள்ளவர்களும் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களும் பகிர்ந்துகொள்கிறார்கள். மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு குறிக்கப்பட்டிருக்க வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வையுங்கள். அதை மட்டுமே நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் மகளுக்கு அடுத்த மாதம் 18 வயது நிறைகிறது. வங்கிக் கணக்குக்காக நான் சட்டப்படி பாதுகாவலர் ஆகவேண்டும் என்கிறார்கள். கட்டாயமா?
(ஒரு தந்தை, ஏற்காடு)

பதில்: எல்லோருக்கும் கட்டாயமில்லை, ஐயா. 18 வயது நிறைந்தவர் சட்டப்படி தமக்குத் தாமே பொறுப்பு. தம் பணத்தைத் தாமே நிர்வகிக்கும் உரிமை மாற்றுத்திறனாளிகளுக்கும் சமமாக உண்டு என்பதை மேற்சொன்ன 2016 சட்டம் தெளிவாகவே கூறுகிறது. உதவி இருந்தும் தாமாக முடிவெடுக்க இயலாதவர்களுக்கு, 1999 ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலரை நியமிக்கச் செய்யலாம். உங்கள் மகள் காசை எண்ணுகிறாரா, வேண்டாததை வேண்டாம் என்று சொல்கிறாரா என்று பாருங்கள். ஆம் என்றால், இந்த ஒரு மாதத்தில் அவருக்குக் கையெழுத்துப் போடப் பழக்கி, அவர் பெயரிலேயே கணக்குத் தொடங்க வங்கிக்கு அழைத்துச் செல்லுங்கள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போங்கள். படிவத்தை முதல்நாளே வாங்கிவந்து வீட்டிலேயே ஒருமுறை நிரப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.